கல்லுடைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு

கூடலூர் மலைப் பக்கம் தேவாலாவிலும் பந்தலூரிலும் நாடுகாணியிலும் பிறந்து, இப்போது திருப்பூரிலோ கோவையிலோ மைசூரிலோ வளைகுடாவிலோ பிழைக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஊரைவிட்டுப் போகாமல் இருப்பவர்களுக்கும்தான். உங்களில் பலரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியாது. உங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்த குழி விழுந்த கருங்கல்லைத் தெரியும். விருந்தாளி யாராவது கேட்டால் மாவாட்டும் கல் என்று சொல்லியிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். எங்கள் வீட்டுக் கல்லில் ஒரு நாளும் மாவு ஆட்டியதில்லை.

என் அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு வாசகம் எழுதும்போது, அவர் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று சித்தப்பா கேட்டார். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளி’ என்று அச்சாகி வந்தது. அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தது நான்கே வருடம். இருபத்திரண்டு வருடம் அவர் குழிக்குள் இறங்கி வெங்கச்சங்கல் உடைத்தார். என்னைப் படிக்கவைத்தது அந்தக் கல். என் அக்காவின் கழுத்தில் ஏறிய தாலி அந்தக் கல். பசை தடவி அந்தச் சுவரொட்டியைப் பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டியவன் நான்தான், வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

நம் அப்பாக்கள் செய்த வேலையை நாம் சொல்லப் பழகவில்லை. வெளியில் அதற்கு ஒரே பெயர்தான்: தங்கத் திருட்டு. அந்தப் பெயர் நம் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த மனிதர்களையே மறைத்துவிட்டோம். அவர்கள் என்ன தெரிந்தவர்கள் என்று ஒரு முறையாவது யோசித்துப் பாருங்கள்.

அப்பா 1974இல் தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர். அட்டன் பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையன். இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964இல் போட்ட ஒப்பந்தம் அவரை மண்டபம் முகாமில் நிறுத்தி, அங்கிருந்து இந்த மலைக்கு அனுப்பியது. தேயிலையைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. தோட்டக் கூலி வீட்டுக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்து நீட்டினார். “நாக்கால தடவிப் பாருப்பா” என்றார். ஈரம் பட்டதும் வெள்ளைக்கல்லின் துருப்பிடித்த விரிசலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மஞ்சள் தெரிந்ததாம். அந்தக் கதையை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது நாக்கை உதட்டில் ஒரு முறை ஓட்டுவார்.

அதன்பிறகு அவர் கற்றுக்கொண்டது ஒரு படிப்பு. எல்லா வெள்ளைக்கல்லிலும் தங்கம் இருக்காது. பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கும் கல்லை அவர் தொடமாட்டார். பழுப்பேறி, கரையான் அரித்ததுபோலப் பொந்து பொந்தாக இருக்கும் கல்லைத்தான் எடுப்பார். கல்லில் மின்னுவது பொன்னா, கந்தகமும் இரும்பும் சேர்ந்த போலியா என்று பார்க்க அதை நிழலில் பிடிப்பார். போலி, வெயிலுக்குத் திருப்பினால் மின்னும், நிழலில் மங்கிவிடும். பொன் எங்கே பிடித்தாலும் ஒரே மஞ்சள். சந்தேகம் தீராவிட்டால் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். போலி பொடிந்துபோகும், பொன் தட்டையாகும். பாறைக்குள் கல்லின் ஓட்டம் எங்கே மெலியும், எங்கே வளையும், எங்கே மறுபடி தடிக்கும் என்று கையால் தடவியே சொல்வார். எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

குழிக்குள் இறங்கும்போது எரியும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சுடர் சிறுத்தால் காற்று கெட்டிருக்கிறது என்று பொருள். உடனே ஏறிவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கத்தில், கூரை இறங்காமல் இருக்க அங்கங்கே வெட்டாமல் விட்ட கல்தூண்கள் உண்டு. நல்ல கல் அந்தத் தூணில்தான் மிச்சம் இருக்கும். அப்பாவின் கூட்டத்தில் நான்கு பேர். தூணைத் தொடுவதில்லை என்று நால்வரும் குலசாமி மேல் சத்தியம் செய்திருந்தார்கள். கிடைப்பதை ஐந்தாகப் பிரிப்பார்கள். ஐந்தாவது பங்கு கயிற்றுக்கு. புதுக் கயிறு வாங்க, அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, இறந்தவன் வீட்டு அரிசிக்கு. முதலாளி இல்லாத இடத்தில், எழுத்துத் தெரியாத நான்கு பேர் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட காப்பீடு அது. உங்கள் வீட்டுக் கூட்டத்திலும் இப்படி ஏதாவது இருந்திருக்கும். கேட்டுப் பார்த்தீர்களா?

நம் அம்மாக்களின் பங்கைச் சொல்லாமல் விட்டால் பாதியைச் சொன்னதாகும். தை பிறந்தால் குழியில் தண்ணீர் இறங்கும், வைகாசி வரை கல் எடுக்கலாம். அதன்பிறகு தேவாலா மழை உங்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் குழி நிரம்பிக் கிடக்கும். அந்த மழைக்காலம்தான் பெண்களின் சுரங்கம். சாக்கில் சேர்த்து வைத்த கல்லைச் சுட்டு, உடைத்து, இடித்து, மாவாக அரைத்து, துணியில் சலித்து, தட்டில் போட்டு அலசி, அடியில் தங்கும் கறுப்புப் பொடியில் ரசத்தை விட்டுப் பிசைந்தது அவர்கள். தகரக் கூரையில் மழை அறையும்போதுதான் அம்மா உலக்கையை எடுப்பாள். மழை விட்டால் உலக்கையும் நிற்கும். சத்தம் வெளியே கேட்கக் கூடாது. நான் அந்தத் தாளத்தில் தூங்கி வளர்ந்தவன். ரசம் பொன்னைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளி உருண்டையாகத் திரளும். அதைத் துணியில் போட்டுப் பிழிந்து, கரண்டியில் வைத்து, சோறு வடித்த அதே அடுப்பில் காட்டுவாள். புகை போனதும் கடற்பஞ்சு மாதிரி ஒரு மஞ்சள் துணுக்கு நிற்கும். ஒரு மழைக்காலம் முழுக்க இடித்தும் சில கிராம்தான். வாங்குகிறவர் மில்லிக் கணக்கில் நிறுத்து, அதிலும் கழிவு போட்டு, பணத்தை எண்ணித் தருவார். எங்கே சொல்லி நியாயம் கேட்பது?

அந்தப் புகை பாதரசம். அன்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பத்து வருடமாகக் கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பாதரசமா, வயதா என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அம்மா என்ன வேலை செய்தாள் என்பதை நாங்கள் அவர்களிடம் சொல்லவில்லையே, அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? மறைத்ததற்கு நாம் கொடுக்கும் விலை இது. உங்கள் அப்பாவின் இருமலைக் காசநோய் என்று நினைத்து மாத்திரை கொடுத்தவர்கள் உண்டா? வெங்கச்சங்கல் தூசி நுரையீரலில் படிந்தாலும் அப்படித்தான் மூச்சிரைக்கும். அதற்கு வேறு பெயர் இருக்கிறது. கல் உடைத்தவர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மருத்துவர் வேறு கோணத்தில் பார்த்திருப்பார்.

கோலார் தங்கச் சுரங்கத்தை நினைத்துக்கொள்கிறேன். வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் போன நம் மக்கள் அங்கே பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை அவர்கள் பட்ட பாடு சின்னதில்லை. ஆனாலும் அங்கே சங்கு ஊதியது. பேரேட்டில் பெயர் இருந்தது. உள்ளே போனவன் வெளியே வரவில்லை என்றால் அதைக் கணக்கில் எழுத ஒருவர் இருந்தார். நம் அப்பாக்களுக்குச் சங்கு இல்லை, பேரேடு இல்லை. அவர்கள் யாருக்கும் கீழே வேலை செய்யவில்லை என்பது அவர்களின் பெருமை. அவர்கள் செத்தால் எழுதிவைக்க ஆளில்லாமல் போனதும் அதனால்தான்.

இந்த மலையில் தங்கம் எடுத்த முதல் திருடர்கள் நம் அப்பாக்கள் என்று சொல்கிறவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இங்கத்திய பழங்குடிகளான குறும்பர்களும் பணியர்களும் ஆற்றுமணலை அலசியும் பாறையைக் குடைந்தும் பொன் எடுத்ததற்குப் பிறகுதான் மற்ற எல்லோரும் வந்தார்கள். மலபார் கலெக்டர் ஷெஃபீல்டு 1831லேயே இதைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியிருக்கிறார். அலசிய பணியர்கள் நிலத்துக்காரர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். பொன் அவர்கள் கையில் தங்கவில்லை. 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அன்றைய இந்திய அரசாங்கம் வரவழைத்தது. மறு வருடம் வந்த அவருடைய அறிக்கை, குறும்பர்கள் வெட்டிய பழைய குழிகளையே இங்கே பொன் இருப்பதற்குச் சாட்சியாகக் காட்டியது. அதை நம்பி லண்டனில் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. இலைநோயில் அழிந்துகொண்டிருந்த காப்பித் தோட்டங்கள் தங்க விலைக்கு விற்றன. மேல்மட்டத்தில் மக்கிய கல்லில் பொன் தனியாக நின்றது. ஆழம் போகப் போக அது கந்தகக் கல்லுக்குள் பூட்டிக்கொண்டது, அளவும் குறைந்தது. சில வருடத்திலேயே ஏறக்குறைய அத்தனை கம்பெனியும் சரிந்தது. பங்கு வாங்கியவர்கள் லண்டனில் அழுதார்கள். இங்கே குழிகள் வாய் திறந்தபடி கிடந்தன. மூடாமல் போனவர்களை எந்தச் சட்டமும் தேடவில்லை.

அந்தக் குழிகளில்தான் நம் அப்பாக்கள் இறங்கினார்கள். நிலம் முன்பு நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம உரிமை. 1969இல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் கூடலூரில் எந்த நிலம் யாருடையது என்ற வழக்கு ஓயவில்லை. கனிமத்துக்கு 1957ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அதில் 2015 முதல் ஏலம்தான் வழி. ஏலத்தில் கம்பெனி உட்காரலாம். சம்மட்டியும் ஒரு சுருள் கயிறும் வைத்திருக்கும் மனிதன் எங்கே உட்காருவான்? அமெரிக்காவில் 1872ஆம் வருடச் சட்டம், அரசு நிலத்தில் 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் கொண்ட பாறைத்துண்டை ஒரு தனி மனிதன் தன் பெயரில் பதிந்துகொள்ள இடம் கொடுத்தது. அந்த நிலம் செவ்விந்தியர்களிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபிலிப்பைன்ஸ், சிறு சுரங்கக்காரர்களுக்கென்றே 1991இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே பிறந்திருந்தால் என் அப்பா சுரங்கத் தொழிலாளி என்று பதிவாகியிருப்பார். இங்கே பிறப்பால் அகதி, தொழிலால் திருடன் என்றார்கள்.

இவ்வளவு சொன்னதால் குழிகளை மறுபடி திறக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் அம்மாக்கள் அலசிக் கொட்டிய ரசத்தண்ணீர் ஓடையில் இறங்கி, பாண்டியாற்றில் கலந்து, சாலியாற்றுக்குப் போயிருக்கிறது. கீழே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கும் மீன் பிடித்துத் தின்றவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். தெரியாமல் செய்தோம், ஆனாலும் செய்தோம். இந்தத் தொழிலிலிருந்து பாதரசத்தைக் குறைக்கவும் முடிந்தால் ஒழிக்கவும் மினமாட்டா உடன்படிக்கையில் உலக நாடுகள் ஒத்துக்கொண்டன. 2018இல் இந்தியாவும் அதை ஏற்றது. நம் வட்டாரத்துப் பையன்கள் சிலர் தங்கம் விலை ஏறுவதைப் பார்த்து இப்போதும் இரவில் இறங்குவதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்குத் தூணைத் தொடாதே என்று சொல்லித்தர ஆளில்லை. தம்பிகளே, இறங்காதீர்கள். உங்கள் தாத்தாவுக்கு இருந்த கண் உங்களுக்கு இல்லை. அவர் காலத்தில் நின்ற மரச்சட்டம் இன்று மக்கிவிட்டது.

இனி சொல்லப்போவது எனக்குக் கடினமானது. அப்பாவிடம் கல்லை நீட்டிய பக்கத்து வீட்டு மாமா, எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது இறந்தார். வேறொரு கூட்டத்துக்காரர்கள் பக்கத்துக் குழியில் தூணைக் கொத்தியிருந்தார்கள். கூரை அவர் மேல் இறங்கியது. அப்பாவும் மற்ற இருவரும் மூன்று மணிநேரம் கையால் கல்லைப் புரட்டி அவரை வெளியே எடுத்தார்கள். அதன்பிறகு இருட்டோடு இருட்டாகத் தூக்கி வந்து ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கிடத்தி, பக்கத்தில் மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைச் சாய்த்து வைத்தார்கள். விடிந்ததும் ஊருக்குச் செய்தி போனது: மிளகு பறிக்க ஏறியவர் விழுந்துவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொல்ல வேண்டும் என்று அப்பா என் தோளைப் பிடித்துச் சொன்னார். சொன்னேன். பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். அத்தை முப்பது வருடம் அதையே சொன்னாள். மாமாவின் மகனுக்கு உண்மை தெரியும்போது அவனுக்கு இருபது வயது. அவன் என்னிடம் சொன்னது இது: “எங்கப்பாவுக்கு மரம் ஏறத் தெரியாதுன்னு அம்மா ஒரு தடவை வாய்தவறிச் சொல்லியிருக்கு. அதுலேருந்து எனக்குப் புரியவே இல்ல.”

உங்கள் வீட்டிலும் மரத்திலிருந்து விழுந்தவர் ஒருவர் உண்டா? கிணற்றில் தவறியவர், பாறையில் வழுக்கியவர், யானை தள்ளியதாகச் சொல்லப்பட்டவர்? அந்தக் கதையில் ஏதோ ஒன்று பொருந்தாமல் உங்களைச் சின்ன வயதிலிருந்து குடைந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்காதீர்கள். அவர்கள் பொய் சொன்னது உங்களைக் காப்பாற்ற. வழக்கு, கைது, மிச்சம் இருக்கும் மூன்று பேரின் பிழைப்பு, எல்லாம் அந்தப் பொய்யில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று பலருக்கு அந்தப் பயம் தேவையில்லை. சொல்ல வேண்டியவர்களும் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், எந்தக் குழி, எந்த வருடம், கூட இருந்தவர்கள் யார். பெயரை ஊருக்குச் சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம், உங்கள் பிள்ளைகளுக்காவது அந்த நோட்டு இருக்கட்டும்.

அந்தப் பெரியவர்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. எந்தக் குழி எங்கே வாய் திறக்கிறது என்பது. உண்ணிச்செடி மூடி, பச்சையாக, சமதரை போலத் தெரிகிற இடத்தில் நாற்பது அடி, அறுபது அடிப் பள்ளம் இருக்கிறது. பார்வைக்குத் தெரிந்த வாய்களை மண்போட்டு மூடுகிறார்கள். தெரியாதவற்றை யார் மூடுவது? ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள். யானைகள் நடக்கிற வழியும் அதுதான். அந்த வரைபடம் எந்த அலுவலகத்திலும் முழுதாக இருக்காது. எழுபது வயதில் கட்டிலில் கிடந்து இருமும் உங்கள் தாத்தாவின் தலைக்குள் இருக்கிறது. அவரோடு அது போய்விட்டால் அடுத்து விழுகிறவரை நாம்தான் தள்ளினோம்.

அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். வரும் மாசி, பங்குனியில், மழைக்கு முன்னால், ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்கு வாருங்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்போம். அவர்கள் கைகாட்டும் ஒவ்வொரு வாயையும் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, பட்டியல் எடுத்து, வேலி போடச் சொல்லி ஊராட்சியிலும் வனத்துறையிலும் வருவாய்த்துறையிலும் நம் பெயரிலேயே கொடுப்போம். மனுவின் கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் தொழில் எழுத இடம் விடுவேன். அதில் கல்லுடைப்பவர் என்று எழுதுங்கள். இருமுகிறவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் ஒரு மருத்துவ முகாம் வேண்டும் என்று அதே மனுவில் கேட்போம்.

முதல் குழி மாமா இறந்த இடம். அவருடைய மகன் வருவதாகச் சொல்லிவிட்டான், அத்தையையும் அழைத்து வருகிறான். ஏற்றத்தில் அவளால் நடக்க முடியாது, நாற்காலியில் வைத்துத் தூக்க நான்கு பேர் வேண்டும். கம்புகளை நீங்கள் கொண்டுவாருங்கள். கயிறு என்னிடம் இருக்கிறது. அப்பாவின் கூட்டம் கடைசியாகப் பிரித்த ஐந்தாவது பங்கில் வாங்கியது, ஒரு முறைகூட அவிழ்க்காமல் எங்கள் பரணில் கிடக்கிறது.